கவந்தி போர்வை: சித்தியர் பெண்களின் கைத்தையலை எப்படிப் பார்த்து வாங்குவது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கவந்தி என்பது கர்நாடகத்துச் சித்தியர் பெண்கள் பழந்துணியை ஒட்டுப்போட்டுக் கையால் தைக்கிற கனமான போர்வை. துவைத்தால் லேசில் காயாது. மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேராது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் மெஷின் தையல் போர்வை விலையில் நாலைந்து மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இதன் அருமையெல்லாம் தைக்கிற முறையில் இருக்கிறது, அது தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் காசுக்கு ஏற்ற பொருள் கிடைக்காது.

எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெங்களூரு சித்ரகலா பரிஷத் வளாகத்தில் போட்டிருந்த ஒரு கைவினைச் சந்தையில் தைத்தவர்களிடமே நேராக வாங்கியது. இன்னொன்று, எங்கள் வீட்டுப் பழைய துணியைக் கொடுத்து அவர்களிடமே தைத்து வாங்கியது. இரண்டையும் சில வருடங்களாகத் தினமும் புழங்குகிறோம். எனக்குத் தையல் தெரியும், ரவிக்கை, பாவாடை, தலையணை உறை எல்லாம் வீட்டிலேயே தைத்துக்கொள்வேன், அதனால் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத் தையலைத்தான் பார்ப்பேன். அன்றைக்குச் சந்தையில் அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கடையில் உட்கார்ந்திருந்த மூத்த பெண்மணி, "வாம்மா, உட்கார்ந்து பார்" என்று கன்னடத்தில் கூப்பிட்டுப் பக்கத்தில் இடம் கொடுத்தார். மதியம் முழுக்க அங்கேயே கழிந்தது.

சித்தியர் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளாக, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். போர்ச்சுக்கீசியர் கோவாவில் கொண்டுவந்து இறக்கியவர்களில் பலர் தப்பித்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போய்க் குடியேறினார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தின் யல்லாபூர், ஹளியால், முண்டகோடு, அங்கோலா தாலுகாக்களில் இன்று அதிகம் வாழ்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்று மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். தங்களுக்குள் கொங்கணி கலந்து பேசுகிறார்கள், வெளி ஆட்களிடம் கன்னடம். அந்த மாவட்டத்தில் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்ததே 2003இல்தான். கூலி வேலை, வயல் வேலை, காட்டு வேலை என்று போகிற பெண்கள், ஓய்ந்த நேரத்தில் வீட்டுக்காகத் தைத்த போர்வை இது. அங்கே மழை பெய்தால் மாதக்கணக்கில் பெய்யும், மண் தரை ஊறிப்போயிருக்கும், அந்த ஈரத்தில் படுக்கவும் போர்த்தவும் இதுதான்.

சரி, தையலுக்கு வருகிறேன்.

நாம் சாதாரணமாகப் பார்க்கிற ஒட்டுப்போர்வையில் மேல்பக்கத்தைத் தனியாகத் துண்டு துண்டாகத் தைத்து முடித்துவிடுவார்கள். அப்புறம் அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். கடைசியில் சுற்றிலும் பட்டி. கவந்தியில் மேல்பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு பழைய பருத்திப் புடவையைத் தரையில் விரிக்கிறார்கள், அதுதான் அடித்துணி. அதன் மேல் கிழிந்த வேட்டி, நைந்த பாவாடை, இன்னொரு புடவை என்று உள்ளடுக்கு. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, அடித்துணியின் ஓரத்தை விரலகலத்துக்கு உள்ளே மடித்து, கையில் இருக்கும் ஒட்டுத் துணியின் பிசிறையும் உள்ளே மடித்து, இரண்டு மடிப்பையும் பொருத்தி ஊசியை ஏற்றுகிறார்கள். மேல் ஒட்டு, உள்ளடுக்கு, அடித்துணி எல்லாவற்றையும் ஒரே குத்தில் ஊசி பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த ஒட்டு முடிகிற இடத்தில் அடுத்த ஒட்டைச் செருகி, விளிம்பை மடித்து, அதே நூலில் தொடர்கிறார்கள். நாலு ஓரமும் சுற்றி வந்ததும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று, அதற்குள்ளே அடுத்தது, இப்படியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும்போது போர்வை முடிந்தது. குண்டூசி குத்துவதில்லை, சட்டம் கட்டுவதில்லை, பென்சில் கோடு கிடையாது, டேப் கிடையாது. தையல் வெறும் ஓட்டுத் தையல்தான், நாம் ரவிக்கைக்கு நூலோட்டம் போடுவோமே அதே குத்து, ஆனால் தடித்த பருத்தி நூலில், அழுத்தமாக.

இந்த முறையில் என்ன லாபம் என்பதைப் புழங்கிய பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். கடைப் போர்வையில் முதலில் போவது ஓரத்துப் பட்டி. பட்டி பிரிந்ததும் உள்ளே இருக்கும் பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டு மூட்டை கட்டிக்கொள்ளும். கவந்தியில் பட்டியே இல்லை, ஓரம் மடிப்போடு மடிப்பாகப் பூட்டியிருக்கிறது. உள்ளே பஞ்சுக்குப் பதில் முழுத் துணி இருப்பதால் திரள்வதற்கும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஒட்டின் மேலும் பல வரி தையல் ஓடுவதால் ஒரு வரி அறுந்தாலும் பக்கத்து வரிகள் ஒட்டை விடாது. எங்கள் வீட்டில் குழந்தைகள் இழுத்து விளையாடி ஒரு மூலைப்பக்கம் நூல் அறுந்தது, அறுந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண்கூடப் பிரியவில்லை.

சிரமம் எங்கே வருகிறது என்றும் அந்த மூத்தவர் காட்டினார். ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது துணியில் இருக்கிற தொய்வெல்லாம் நடுவை நோக்கி நகரும். கவனிக்காமல் தைத்தால் கடைசியில் நடுவில் துணி மிஞ்சி உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் நாலைந்து குத்துக்கு ஒரு தடவை இடது உள்ளங்கையால் அடித்துணியை வெளிப்பக்கமாகத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருக்கிறார். பேசும்போதும் அந்தக் கை நிற்கவில்லை. நல்ல கவந்திக்கு இதுதான் முதல் பரீட்சை: தரையில் விரித்து நடுவில் கையை வைத்துப் பாருங்கள், படிந்து கிடந்தால் கை தேர்ந்தவர் தைத்தது. சந்தையில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் இது தெரியாது, கூச்சப்படாமல் விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து மூலை. நாலு மூலையிலும் சின்னச் சதுரத் துண்டுகளை முக்கோணமாக மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தைத்திருப்பார்கள். அதை ஃபுலா என்கிறார்கள், பூ. ஓரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் முடிந்த போர்வை ஆகாது. நான் வாங்கியதில் ஒரு மூலைப் பூ சிவப்பு, ஆரஞ்சு, மேலே ஒரு துணுக்குக் கறுப்பு, மற்ற மூன்றும் வேறு வேறு. ஏன் நாலும் ஒரே மாதிரி இல்லை என்று கேட்டதற்கு, அந்தச் சிவப்பு அவ்வளவுதான் இருந்தது என்றார். அப்புறம் நடுவில் கடைசி ஒட்டை மூடும் முன் சிலர் உள்ளே கொஞ்சம் அரிசி வைத்துத் தைப்பது உண்டு, போர்வையின் வயிறு நிறைய வேண்டும் என்று. என்னுடையதில் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். நடுவில் தடவினால் ஏதோ நெருடுகிறது.

எதைப் பார்த்து இந்த வடிவம் வருகிறது என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள், இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மூத்தவர் முதலில் துணிக் குவியலைப் பிரிப்பாராம், எது நிறைய இருக்கிறதோ அதை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவாராம், கண்ணைப் பறிக்கிற நிறம் கொஞ்சமாக இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு நடுவுக்கு வருகிறவரை தொடமாட்டாராம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூப்போட்ட துணி வரக்கூடாது, நடுவில் ஒரு வெற்றுத் துணி இருந்தால்தான் இரண்டும் தெரியும் என்பது அவர் சட்டம். இளையவர் அதெல்லாம் பிரிக்கவே மாட்டாராம், கை போன துணியை எடுப்பாராம், ஒத்துவரவில்லை என்றால் மேலே இன்னொரு சின்னச் சதுரத்தை வைத்துத் தைத்துவிடுவாராம். அப்படி மேலே வைத்த துணுக்குகளால் அவர் போர்வை முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது, உண்மையில் மூத்தவருடையதைவிடத் துள்ளலாக இருந்தது. கிறிஸ்தவக் குடும்பத்தில் தைப்பவர்கள் சில சமயம் சிலுவை வைப்பார்கள், முஸ்லிம் வீடுகளில் பிறை வரும். தொட்டில் குழந்தைக்கு என்றால் சின்னச் சின்ன ஒட்டாக, இருக்கிற நிறமெல்லாம் சேர்த்து.

தையல் நெருக்கத்திலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வரிக்கு வரி விரலகலம்தான் விட வேண்டும், அதற்கு மேல் விட்டால் துவைக்கும்போது துணி உள்ளே நழுவும் என்று மூத்தவர். அவ்வளவு நெருக்கமாகப் போட்டால் போர்வை விறைத்துப்போகும், வாங்குகிறவர்களுக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று இளையவர். இருவர் சொல்வதும் சரிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். நெருக்கமான தையல் போட்ட எங்கள் முதல் போர்வை ஆரம்பத்தில் விறைப்பாகத்தான் இருந்தது, துவைக்கத் துவைக்கத்தான் இளகியது, இன்றுவரை ஒரு ஒட்டுகூட நகரவில்லை. கீழே விரித்துப் படுக்க வேண்டும் என்றால் நெருக்கத் தையல், மேலே போர்த்த வேண்டும் என்றால் அகலத் தையல், இப்படிப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எடுத்தது மூத்தவர் தைத்தது. அதில் ஓரிடத்தில் வெளிறிய நீலச் சட்டைத் துணி ஒன்று இருக்கிறது, அதன் நடுவில் ஒரு செவ்வகம் மட்டும் அடர் நீலமாக, சுற்றிலும் ஊசி ஓட்டைகளோடு. பாக்கெட் இருந்த இடம். பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட்டு, வெயில் படாமல் இருந்த அந்த நிறத்தை ஒளிக்காமல் நடுவில் வருகிற மாதிரி வைத்துத் தைத்திருக்கிறார். பக்கத்திலேயே அந்தப் பாக்கெட் துணியும் தனி ஒட்டாக இருக்கிறது. தற்செயலா என்று கேட்டேன். இல்லையாம், யோசித்துத்தான் வைத்தாராம், புது நீலத் துணி தேடினால் கிடைக்குமா, அதுவாகவே ஒன்று கிடைத்தது, விடுவேனா என்று கேட்டார். எனக்கு விலை பேசத் தோன்றாமல் போனது அந்த இடத்தில்தான்.

அதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புழங்கிய துணியில் தைத்ததை வாங்குங்கள். இப்போது ஊர்ப்புறத்துக் கைவினை எல்லாவற்றுக்கும் நடப்பது இதற்கும் நடக்கிறது: ஒரே வண்ணக் குடும்பத்தில் புதுத்துணி வாங்கிக் கொடுத்து, சோபா நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி தைக்கச் சொல்லி விற்கிறார்கள். பெண்களுக்கு வேலை கிடைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போர்வை சுமார்தான். புதுத்துணி சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும், இரண்டு சலவையில் மேல்பக்கம் முழுக்கச் சுருக்கம். பழந்துணி ஏற்கனவே சுருங்கி, சாயம் போக வேண்டியது போய், தோலுக்கு இதமாகி வந்திருக்கும். தைக்கிறவரின் கையும் அதில்தான் தெரியும், எந்த நிறம் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துச் சமாளிக்கும்போதுதான் அந்த முடிவுகளெல்லாம் பிறக்கின்றன.

வேறு போர்வைகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் குளிருக்கு என்றால் ஜெய்ப்பூர் ரஜாய் போதும், எடையே தெரியாது, சட்டென்று சூடாகும், ஆனால் ரோஜாப்பூ மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். வங்காளத்துக் காந்தா மெல்லிசு, பழைய புடவைகளை அடுக்கிப் பரப்பு முழுக்க ஓட்டுத் தையல் போடுவது, படமும் கதையும் வரும், நம் ஊர் வெயிலுக்கு உண்மையில் அதுதான் பொருத்தம். கவந்திக்கு நெருங்கிய சொந்தம் என்றால் வட கர்நாடகத்துக் கௌதியும் மராட்டியக் கோதடியும்தான், அவையும் பழந்துணிதான், கோதடியிலும் ஓரத்தில் தொடங்கி உள்ளே வருகிற தையல் உண்டு.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துப் போர்வைகளைப் படத்தில் பார்த்தவர்கள் கவந்தியைக் கண்டதும் அதைத்தான் சொல்வார்கள். அவையும் அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த பெண்கள், வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணியில் தைத்தவை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டியபோது நவீன ஓவியத்துக்கு நிகராகப் பேசப்பட்டவை. அங்கே மிசௌரி பெட்வே என்பவர் 1942இல் இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளிலேயே ஒரு போர்வை தைத்தார், படத்தில் பார்த்தாலே தொண்டை அடைக்கும். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் என்று சட்டென்று முடிச்சுப் போடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தையலைப் பாருங்கள்: ஜீஸ் பெண்டில் ஹவுஸ்டாப் என்று பேர் போன வடிவம் நடுவில் ஒரு சதுரத்தில் தொடங்கிச் சுற்றிலும் பட்டை சேர்த்து வெளியே வளர்வது, கவந்தி வெளியே தொடங்கி உள்ளே வருவது. வேலையின் போக்கே தலைகீழ். துணி குறைவு, குளிர் அதிகம், எதையும் வீணாக்க மனமில்லை, இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் கண் ஒரே மாதிரி பழகுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். கவந்தியும் வெளிநாடு போகாமல் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் துணையோடு 2004இல் சித்தியர் பெண்கள் ஒரு ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு தொடங்கினார்கள், 2011இல் கறுப்பின மக்களின் பண்பாட்டுக்கென்று இருக்கும் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இந்தப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இனி வீட்டுத் துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கிய அனுபவம். சந்தையில் இருந்தவர்களே சொன்னார்கள், துணி அனுப்பினால் தைத்துத் தருவோம் என்று. எங்கள் அம்மா பழந்துணியை மூட்டை கட்டி வைத்து எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போடுகிற ரகம், அவரிடமிருந்து அந்த மூட்டையைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சுங்குடிப் புடவைகள், அப்பாவின் பச்சைக்கரை வேட்டிகள், தம்பியின் கட்டம்போட்ட கைலிகள், என் பள்ளிக்கூடத் தாவணி ஒன்று. பருத்தி மட்டும் அனுப்பச் சொன்னார்கள். பாலியெஸ்டர் கலந்தது மடித்தால் மடிப்பு நிற்காது, ஊசி முனையில் வழுக்கும். பட்டு வேண்டவே வேண்டாம், பழம்பட்டு மடித்த இடத்திலேயே அறும். ஜரிகை இருந்தால் வெட்டிவிட்டு அனுப்ப வேண்டும். நாற்று நடும் மாதங்களில் தைக்க ஆள் இருக்காது, மழை விடட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சொன்ன மாதிரியே தாமதமாகத்தான் வந்தது, அதில் எனக்குக் குறையில்லை.

வந்து பிரித்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு ஒட்டாக விரலை வைத்து, இது உன் வளைகாப்புக்கு எடுத்தது, இது மதுரையில் புதுமண்டபத்தில் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. வேட்டி வெள்ளை ஏகப்பட்டது அனுப்பியிருந்தேன், தைக்கிறவர் அதை எப்படிச் சமாளிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறுகலான பட்டைகளாகக் கிழித்து ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் விட்டிருந்தார், அதனால் சுங்குடியின் புள்ளிகளும் கைலியின் கட்டங்களும் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. வேட்டியின் பச்சைக் கரையை வெட்டிப்போடாமல் சுற்றிலும் ஓரத்தில் ஓடவிட்டிருந்தார். போனில் கேட்டபோது, கரை ஏற்கனவே நெருக்கமாக நெய்தது, சீக்கிரம் நையாது, ஓரம்தான் முதலில் தேயும், அதனால் அங்கே வைத்தேன் என்றார். அழகுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேரில் தொங்கவிடுகிற உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பை தைக்கிற தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் நிறத்தை வெட்டி ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதில் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் எல்லாக் கணக்கும். இங்கே தேய்மானம், சலவை, படுக்கிற உடம்பு என்று கணக்கு வேறு.

குறைகளையும் சொல்ல வேண்டும். எங்களுடையது மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் ஒரு ஆளால் பிழிய முடியாது. வாஷிங் மெஷினில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் போடமாட்டேன், எடை ஒரு பக்கம் சேர்ந்து மெஷின் குதிக்கும். டப்பில் ஊற வைத்து மிதித்து, மொட்டை மாடிச் சுவரில் விரித்துப் போட்டு, நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. முதல் இரண்டு சலவையில் ஒரு மெரூன் துணி சாயம் விட்டது, பக்கத்து வெள்ளையில் இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கிறது, போகவில்லை. கல்லுப்புப் போட்டு ஊற வைத்த பிறகு மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கிறேன். அளவு நம் கட்டில் கணக்குக்கு வராது, தைப்பவர் கையில் இருக்கும் புடவை எவ்வளவு அகலமோ அதுதான் அளவு. குயின் சைஸ் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டு புடவையைச் சேர்த்து அடித்துணி போட வேண்டும், நடுவில் இணைப்பு தெரியும். சென்னை, திருச்சி வெயிலில் ஏசி இல்லாமல் போர்த்த முடியாது. அங்கே விரிப்பாகத்தான் உதவும், அதற்கு அருமையாக உதவும். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு, ஓசூர்க்காரர்கள் தாராளமாகப் போர்த்தலாம்.

போலியும் வருகிறது. என் தோழி ஒருத்தி ஆன்லைனில் கையால் தைத்தது என்று போட்டிருந்த ஒன்றை வரவழைத்தாள். ஒட்டெல்லாம் துணியில் அச்சடித்த படம், மேலே மெஷின் தையல். எந்தத் தளம் என்று சொல்வதால் பயனில்லை, படத்தைப் பார்த்து ஏமாற எங்கேயும் வழி இருக்கிறது. கையில் வந்ததும் மூன்றைப் பாருங்கள். நகத்தால் ஒட்டின் விளிம்பைத் தூக்கினால் மடிப்புக்குள் விரல் நுனி போக வேண்டும், அச்சில் போகாது. அடிப்பக்கத்தைத் திருப்பினால் தையல் வரிகள் ஓரத்துக்கு இணையாக, சதுரத்துக்குள் சதுரமாக உள்ளே போக வேண்டும், கோணல் மாணலாக வளைந்தாலும் பரவாயில்லை. தையல் நீளம் எல்லா இடத்திலும் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தால் அது மெஷின். மூலைப் பூவை அழுத்திப் பாருங்கள், அடுக்கடுக்காகக் கெட்டியாக இருக்க வேண்டும்.

விலை: முதல் போர்வை ஒற்றைக் கட்டில் அளவுக்கு ரூ. 8,500 கொடுத்தேன், துணி கொடுத்துத் தைத்ததற்குக் கூலி அதைவிடக் குறைவு. நூலும் ஊசியும் போக மிச்சமெல்லாம் உடல் உழைப்பு, அதுவும் குனிந்து உட்கார்ந்து, வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் நடுவில் செய்வது. ரவிக்கை ஒன்றுக்கு நாம் தையல்காரருக்குக் கொடுக்கிற கூலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது அதிகமில்லை என்று புரியும். முடிந்தவரை தைத்தவர் கைக்கே பணம் போகிற இடத்தில் வாங்குங்கள், இடையில் யாராவது விற்றால் தைத்தவர் பெயர் என்ன, எந்த ஊர், அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

கடைசியாக, கிழிந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒட்டைப் பிரித்து எடுக்காதீர்கள், அதற்குள் ஓடுகிற தையல்தான் அடி அடுக்குகளையும் பிடித்திருக்கிறது. கிழிந்ததன் மேலேயே புது ஒட்டை வைத்து, நாலு விளிம்பையும் உள்ளே மடித்து, ஏற்கனவே ஓடுகிற வரிகளின் போக்கிலேயே தைத்துவிட வேண்டும், ஊசி அடித்துணி வரை இறங்கி வர வேண்டும். மெல்லிய மெஷின் நூல் வேண்டாம், துணியை அறுக்கும். தடித்த பருத்தி நூல், கொஞ்சம் நீளமான கோணி ஊசிக்கு அடுத்த ரக ஊசி, இரண்டும் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும். ஒட்டுக்குப் புதுத்துணி வைக்காதீர்கள், துவைத்து இளகிய பழைய கைலித் துணியே போதும்.